அவன் சொல்கிறான்

வியாழன்தோறும் பத்தரைக்கு
மண்டபம் ஆரம்ப சுகாதார நிலையத்தில்
தடுப்பூசி அறையை ஒழித்துக் கொடுப்பார்கள்.
சுவரில் சொட்டு மருந்துக்கு வாய் திறந்த குழந்தை,
கீழே மூன்று நாற்காலி.
ஒன்றில் ஜெபக்கனி மேடம், மனநல ஆலோசகர்.
ஒன்றில் சுக்ரா திர்க்கி.
மூன்றாவது எனக்கு.
ரயில்வே கேட் பக்கம் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன்,
இந்தி வரும்.
அவ்வளவுதான் என் தகுதி.

சுக்ரா ஐஸ் கம்பெனியில் கட்டி தள்ளுகிறவன்.
ஜார்க்கண்டில் கும்லா தாண்டி ஏதோ ஊர்.
இருபத்திரண்டு வயதுவரை
குளத்தை விடப் பெரிய தண்ணீர் பார்த்ததில்லை.
இங்கே வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல்,
நடுவே அவன் படுக்க ஒரு தகரக் கொட்டகை.
தமிழில் எண்கள் மட்டும் தெரியும்,
கட்டி எண்ணிப் பழகியது.

அவன் சொல்கிறான், என்று ஆரம்பிப்பேன்.
அவன் சொல்கிறான், ராத்திரி ரயில் பாலம் ஏறும் சத்தத்தில்
கை மரத்துப் போகிறதாம்.
அவன் சொல்கிறான், கச்சான் காற்று தகரத்தை அடித்தால்
யாரோ கூட்டிப்போக வந்துவிட்டார்கள் என்று
எழுந்து சட்டை போட்டுக்கொள்கிறானாம்.
அவன் சொல்கிறான், ஊருக்குப் போன் போட்டால்
நல்லா இருக்கேன் என்று வாய் சொல்லிவிடுகிறதாம்,
அவனைக் கேட்காமலே.

கப்ராஹட், என்றான்.
மேடம் என்னைப் பார்த்தார்.
பயம் என்று சொல்லப்போய் நிறுத்தினேன்.
படபடப்பு, பஸ்ஸுக்கு ஓடினாலும் வரும்.
பதற்றம், பேப்பரில் வருகிற சொல்,
எங்கள் மாவட்டத்தில் அதற்குத் தடை உத்தரவு போடுவார்கள்.
கட்டிப்போட்ட வத்தை
அலையே இல்லாமல் ஆடுதுல்ல மேடம்,
நெஞ்சுக்குள்ள அப்படி, என்றேன்.
அப்படியே எழுதிக்கொண்டார்.
சுக்ரா அதைச் சொல்லவில்லை.

நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு.
ஏக், தோ, தீன், சார், என்று நான்தான் எண்ணினேன்.
அவனுக்கு எண்ண எண்ண
என் சட்டைப் பையும் ஏறி இறங்கியது.

பிறகு, கண்ணில் படுகிற ஐந்தைச் சொல்லச் சொன்னார்.
விசிறி.
என் செருப்பு.
பூட்டிய மருந்துப் பெட்டி.
சன்னலுக்கு வெளியே காயப்போட்ட சூடைக் கருவாட்டின் அருகே
காலில் சிவப்பு நூல் சிக்கிய காக்கை.
ஐந்தாவதுக்கு வெகுநேரம் எடுத்தான்.
போஸ்டரைக் காட்டினான்:
அந்தப் பிள்ளைக்கு வாய் வலிக்காதா?

மேடம் சிரித்துவிட்டார்.
அவனும்.
சிரிப்போடு சிரிப்பாகக் கேட்டார்,
தூக்கம் எப்போதிலிருந்து போச்சு?

இந்தியில் கேட்டேன்.
அவன் ஏதோ சொல்லி முடித்திருக்க வேண்டும்.
நான் பேசிக்கொண்டே இருந்தேன்:
லிப்ட் பதினாலாவது மாடியில் நின்னுருச்சு,
கதவு திறக்கல, விளக்கு அணைஞ்சிருச்சு,
அன்னையிலிருந்து லிப்ட்ல கால் வைக்கல மேடம்,
தண்ணி கேனைத் தோள்ல வச்சுப் படியில ஏறுவேன்,
பதினொரு வருசம், எட்டுப் பேர் ரூம், மேல் கட்டில்,
ஏசித் தண்ணி வாளியில சொட்டும், எண்ணுவேன்,
நாலாயிரம் தாண்டுனா பாங்கு சொல்லிருவாங்க,
பக்கத்துக் கட்டில் பீகாரிக்காரன்தான்
இதுக்கு ஒரு பேரு இருக்குன்னு சொன்னான்,
எங்க வீட்ல இதுக்குப் பேரே கிடையாது மேடம்,
ஷார்ஜான்னுதான் சொல்லுவாங்க.

பேனா நின்றிருந்தது.
ஐஸ் கம்பெனியில் லிப்ட் ஏது என்று அவர் கேட்கவில்லை.
மேசை இழுப்பறையிலிருந்து
இன்னொரு அட்டை எடுத்தார்.
பேரு?
சீனி நைனா.
வயசு?
நாற்பத்தாறு, என்றபோது
உள்ளே போன மூச்சு வெளியே வர மறந்தது.

ஒரு சொல்லும் புரியாமல் உட்கார்ந்திருந்த சுக்ரா
நாற்காலியை என் பக்கம் திருப்பினான்.
ஐஸ் நெடி அடிக்கும் கையை என் முழங்காலில் வைத்து
ஒண்ணு, என்றான்.
ரெண்டு.
மூணு.
அஞ்சு.

விட்டுப்போன நாலுக்காக
நான் காத்திருந்தேன்.